சீர்த்தட்டில் ஒரு பிராசஸர்

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பத்தடி உயரத்துக்குத் தன் முகத்தை ஃபிளெக்ஸில் அச்சடித்துக் கட்டியிருப்பதைக் கண்டபோது, கலைப்பிரியாவின் கையில் ஒரு பிளேடு மட்டும் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மஞ்சள் நீராட்டு விழாவாம். ஒன்பதாவது படிக்கிற பெண் பெரியவளானால் அது அவள் பாடு, அவள் அம்மா பாடு. திண்டிவனம் பஸ்ஸில் போகிறவனும் விழுப்புரம் பஸ்ஸில் போகிறவனும் கழுத்தை நீட்டிப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அவள் முகத்துக்கு இடப்பக்கம் பெரிய மாமா பச்சைமுத்து, வலப்பக்கம் சின்ன மாமா வல்லரசு. இரண்டு பேர் தலையும் ஒரே அளவு. அச்சகத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் அவள் அம்மா தையல்நாயகி சரி என்றிருந்தாள்.

அளக்காமல் விட முடியாது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. பச்சைமுத்து திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற விவசாயி. வல்லரசு விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தாகிவிட்டது, ஆனால் போர்வெல்லைப் பிளக்க முடியவில்லை. பஞ்சாயத்துக்கு உட்கார்ந்த பெரிய மனிதர்கள் மூளையைக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்கள். மோட்டார் அண்ணனுக்கு, அதை ஓட்டுகிற ஸ்டார்ட்டர் பெட்டி தம்பிக்கு. அப்படியாவது ஒற்றுமையாக இருப்பார்கள் என்ற நல்லெண்ணமாம்.

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் மோட்டாரை மேலே தூக்கிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தம்பி ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் விழுப்புரம் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். யாராவது ஒருவர் மற்ற பாதியைப் புதிதாக வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் வாங்கினவன் தோற்றவன் ஆகிவிடுவானே! அதனால் பச்சைமுத்து பக்கத்து நிலத்துக்காரனிடம் தண்ணீருக்குக் கையேந்துகிறார், வல்லரசுவின் பங்கில் முள் முளைத்துக் கிடக்கிறது. ஆயுத பூஜை வந்தால் மட்டும் இரண்டு பேரும் அவரவர் பாதியைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள். வீம்புக்குச் சாமி கும்பிட்டவர்களை இந்த ஜில்லாவில்தான் பார்க்க முடியும்.

இந்த லட்சணத்தில் இரண்டு தாய்மாமன்கள். சீர் செய்யாமலும் இருக்க மாட்டார்கள், அடுத்தவன் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டார்கள்.

விழாவே வேண்டாம் என்று கலைப்பிரியா மூன்று நாள் சோற்றைத் தொடாமல் கிடந்தாள். யாரும் மசியவில்லை. நாலாவது நாள், அழுது பயனில்லை, பேரம் பேசுவோம் என்று எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவளிடம் இருந்தது அப்பாவின் பழைய போன். திரையில் விரிசல், ஆன்லைன் விளையாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் உறைந்து நின்றுவிடும். அவளோடு ஆடிய மூன்று பேர், உன் போன் சாகும்போதெல்லாம் நாங்களும் சேர்ந்து சாகிறோம் என்று சொல்லிப் போன மாதம் அவளைக் குழுவிலிருந்து தூக்கியிருந்தார்கள். ஆறு மாதமாக வீடியோ பார்த்து, எந்த பிராசஸருக்கு எந்த போர்டு, எந்த கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு பவர் என்று நோட்டில் எழுதி எழுதி அடித்து வைத்திருந்த பட்டியலை அம்மா முன்னால் நீட்டினாள்.

"சீருன்னு குடமும் பீரோவும் வேணாம். இந்த கம்ப்யூட்டருதான் வேணும். மண்டபத்துலயே ஆன் ஆவணும். ஆனாத்தான் மாமாங்க மாலைக்குக் கழுத்த நீட்டுவேன். இல்லன்னா எழுந்து வெளிய போய்க்கினே இருப்பேன், அப்புறம் என்னைத் திட்டாதே" என்றாள்.

தையல்நாயகி திட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் மயிலம் முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தாள். இரண்டு சிங்கத்துக்கு நடுவில் பிறந்தவள் அவள். அண்ணனுக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா. பாவம்தான். ஆனால் அந்த நேரத்தில் கலைப்பிரியாவுக்கு யார் மேலும் இரக்கம் வரவில்லை.

பட்டியலை இரண்டு தாளாக எழுதச் சொன்னாள் அம்மா. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர், ரேம், பவர் சப்ளை பெரிய மாமாவுக்கு. அந்த மூளை உட்காருகிற போர்டு, கிராபிக்ஸ் கார்டு, கேபினெட் சின்ன மாமாவுக்கு. மானிட்டரும் கீபோர்டும் அப்பா புகழேந்தியின் பொறுப்பு. கல்லூரி வேன் ஓட்டுகிற அவர் இந்த விவகாரத்தில் வாயைத் திறக்காமல் பிழைத்துக்கொண்டிருந்தார். மோட்டாரும் ஸ்டார்ட்டரும் கலைப்பிரியாவின் நினைவுக்கு வந்தன. நானே கடைக்குப் போகிறேன் என்றாள். பெண் தன் சீரைத் தானே போய் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று அடக்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு தாளிலும் சிவப்பு மையில் எழுதினாள்: பிராசஸரும் போர்டும் இரண்டும் ஏஎம்டி. வேறு கம்பெனி வாங்கினால் ஒன்றில் மற்றொன்று உட்காராது.

சிவப்பு மையை யார் படித்தார்கள்! பச்சைமுத்து திண்டிவனத்துக் கடையில் தாளை நீட்டினாராம். தாளில் இருந்த பிராசஸரின் பெயரில் ஐந்து என்ற எண் இருந்ததாம். தம்பி விழுப்புரத்தில் எதை வாங்கப் போகிறானோ, நாம் ஐந்தோடு போய் நின்றால் மானம் போய்விடும் என்று நினைத்து, இதற்கு மேலே இல்லையா என்று கேட்டாராம். கடையில் அன்றைக்கு இருந்தது இன்டெல் கம்பெனியின் ஏழு. ஐந்து பெரியதா ஏழு பெரியதா? எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஏழை வாங்கிக்கொண்டு மீசையைத் தடவியபடி வந்துவிட்டார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்துக்குப் போனால் அண்ணன் கை ஓங்கும், விழுப்புரத்துக்குப் போனால் தம்பி கை ஓங்கும் என்று நடுவில் கூட்டேரிப்பட்டில் மண்டபம் பிடித்திருந்தாள் தையல்நாயகி. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் மாலை போட்டு முடிக்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சீர் வந்தது. ஒரே வாசலில் இரண்டு பேரும் நுழைய மாட்டார்கள் என்பதால் பெரிய மாமா மேளத்தோடு முன்வாசலில் வந்தார். சின்ன மாமா பேண்டு வாத்தியத்தோடு சமையல்கட்டுப் பக்கமாக வந்தார். பட்டுப்புடவையும் முழங்கை வரைக்கும் வளையலுமாக மேடையில் உட்கார்ந்திருந்த கலைப்பிரியாவின் கண் தட்டுகள் மேலேயே இருந்தது. வெற்றிலை, பழம், பூ, அதற்கு நடுவில் அவளுடைய சாமான்கள்.

டப்பா சின்னதாகத் தெரியும் என்று பெரிய அத்தை அஞ்சம்மாள் பிராசஸரை வெளியே எடுத்து மஞ்சள் துணி மேல் நகை மாதிரி வைத்து, அதன் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் மட்டும் சும்மாவா? போர்டை உறையிலிருந்து உரித்துத் தாம்பாளத்தில் படுக்க வைத்து நாலு மூலைக்கும் பொட்டு வைத்திருந்தாள் சின்ன அத்தை. புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் இருப்பார்களா என்ன. பைக்குக்கு வைக்கிறார்கள், மிக்ஸிக்கு வைக்கிறார்கள், இதற்கும் வைத்தார்கள்.

பொட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குனிந்து பிராசஸரைக் கையில் எடுத்தாள். குங்குமத்துக்குக் கீழே வேறு கம்பெனியின் பெயர் இருந்தது. சின்ன மாமாவின் போர்டைப் பார்த்தாள். அது பட்டியலில் இருந்த அதே ஏஎம்டி போர்டு.

அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அம்மா அண்ணனிடம் போய் மெதுவாகச் சொன்னாள். அண்ணன் மெதுவாகப் பதில் சொல்லவில்லை. சபையில் வைத்த சீரைத் திரும்ப எடுக்கிற வழக்கம் தன் பரம்பரையில் இல்லை என்றார், வேண்டுமானால் போர்டை மாற்றச் சொல் என்றார். நாலடி தள்ளி நின்றிருந்த தம்பி, அண்ணனைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"லிஸ்ட்ல இருந்தத வாங்கினவன் நானு. படிக்கத் தெரியாதவங்க மாத்தட்டும்."

"படிச்சவன் வாங்கின ஸ்டார்ட்டரு ஆறு வருஷமா டிவி பாத்துக்கினு கெடக்குது, அத மொதல்ல கேளு" என்றார் அண்ணன், அவரும் தங்கையைப் பார்த்துத்தான்.

அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. மோட்டார் வந்தது, வரப்பு வந்தது, எப்போதோ யாரோ கொடுக்காமல் விட்ட கல்யாணப் பத்திரிகை வந்தது. ஒரு நாற்காலி கவிழ்ந்தது. இரண்டு பேரும் அவ்வளவையும் தையல்நாயகியின் முகத்தில்தான் கொட்டினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே சொந்தக்காரர்களுக்கே கொண்டாட்டம். ஐஸ்கிரீம் கப்பை வைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

கலைப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபிளெக்ஸில் முகத்தைக் கொடுத்தாள், பட்டில் உட்கார்ந்தாள், பார்க்கிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளப் பொறுத்துக்கொண்டாள். எதற்கு? இந்த ஒரு மெஷினுக்கு. அதையும் பாதி மோட்டார் பாதி ஸ்டார்ட்டர் ஆக்கிவிட்டார்கள். எழுந்து நின்றாள்.

"யாரு போய் மாத்திக்கினு வர்றாங்களோ அவங்களுக்குத்தான் முதல் மாலை" என்றாள்.

சொன்னபோது அவள் பார்த்தது பெரிய மாமாவைத்தான். ஆனால் கேட்டது இரண்டு பேரும். இதுவரைக்கும் மாற்றினவன் தோற்றவன், இந்த நிமிஷத்திலிருந்து மாற்றினவன் ஜெயித்தவன். கண்மூடித் திறப்பதற்குள் பச்சைமுத்து பிராசஸரை அள்ளிக்கொண்டு முன்வாசலில் பைக்கை உதைத்தார். வல்லரசு போர்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் காரை எடுத்தார். ஒருத்தர் போதும், ஒருத்தர் நில்லுங்கள் என்று தையல்நாயகி வாசலுக்கு வாசல் ஓடிக் கத்தினாள். இரண்டு பேர் காதிலும் விழுந்தது. நிற்க வேண்டியவன் அடுத்தவன் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். போன் போட்டுப் பார்த்தார்கள். பெரியவரின் போன் அஞ்சம்மாளின் கைப்பைக்குள்ளேயே அடித்தது. சின்னவர் எடுத்தார், வந்துகினே இருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கலைப்பிரியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒருவர் திண்டிவனத்தில் ஏஎம்டி பிராசஸர் வாங்குவார், இன்னொருவர் விழுப்புரத்தில் இன்டெல் போர்டு வாங்குவார். திரும்பவும் உட்காராது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு வளையல்களைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கையில் கிடைத்த ரேமையும் பவர் சப்ளையையும் பிரித்துச் சரிபார்க்கத் தொடங்கினாள். அவையாவது பட்டியலில் இருந்தபடியே இருந்தன.

பதினொன்றே கால் மணிக்குப் பைக் வந்தது. அதற்குப் பின்னாலேயே விக்கிரவாண்டி டோல்கேட்டைத் திட்டிக்கொண்டே கார் வந்தது. ஒருவர் கையில் ஏஎம்டி பிராசஸர், மற்றவர் கையில் இன்டெல் போர்டு. கலைப்பிரியா நினைத்தது அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது. மண்டபமே சிரித்தது. தையல்நாயகி மேடைப் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். கற்பூரத்தை ஏற்றினவள் அவள்தானே.

எழுந்து போய்விடலாம் என்று கலைப்பிரியா காலை எடுத்து வைத்துவிட்டாள். அப்போதுதான் பெரிய மாமாவின் சட்டைப் பை புடைத்திருப்பது கண்ணில் பட்டது. துணி மேல் மஞ்சளாகக் கறை இறங்கியிருந்தது. அவள் நின்றாள்.

"மாமா, பொட்டு வச்சத கடையில திருப்பி எடுத்துக்கினாங்களா?"

பச்சைமுத்து உத்தரத்தைப் பார்த்தார். வல்லரசு தரையைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் முதல் தடவையாக ஒன்றாகச் செய்த காரியம், அந்த நிமிஷம் அவள் கண்ணைப் பார்க்காமல் தவிர்த்தது. சீல் உடைத்துச் சந்தனம் குங்குமம் பூசிய சாமானை எந்தக் கடைக்காரன் திரும்ப எடுப்பான்? இரண்டு கடையிலும் முடியாது என்றிருக்கிறார்கள். இரண்டு பேரும் பழையதை ஒளித்துவைத்துக்கொண்டு புதிதாக ஒன்றை வாங்கி வந்திருக்கிறார்கள்.

பெரிய மாமாவின் பையில் கையை விட்டு அவளே எடுத்தாள். காரின் டிக்கியிலிருந்து சின்ன மாமாவின் பழைய போர்டை அப்பா கொண்டுவந்தார். மேஜை மேல் நாலு சாமான். அவளுடைய பட்டியலில் இருந்தபடி அண்ணன் இப்போது வாங்கிய பிராசஸரும் தம்பி முதலில் வாங்கிய போர்டும் ஒரு ஜோடி. மீதி இரண்டும் இன்னொரு ஜோடி. எந்த ஜோடியை எடுத்தாலும் அதில் ஒன்று அவருடையது, ஒன்று இவருடையது.

நேரமில்லை. கேபினெட்டுக்குள் அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று ஏஎம்டி போர்டை அதன் அட்டைப் பெட்டி மேலேயே வைத்தாள். நாலு மூலைப் பொட்டையும் பட்டுப்புடவையின் முந்தானையால் துடைத்தாள். பிராசஸரை மூலை பார்த்து வைத்தாள். அழுத்தாமலே உட்கார்ந்தது. அதோடு வந்த குளிர்விக்கும் விசிறியான கூலரின் அடியில் கம்பெனியே தடவி அனுப்பிய சாம்பல் நிறப் பசையைப் பார்த்த அஞ்சம்மாள், அவங்க வச்சா சரி நாம வச்சா தப்பாம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். ரேம், கிராபிக்ஸ் கார்டு, பவர் வயர். கடைசியில் லைட்காரரிடம் டெஸ்டரை வாங்கி, ஸ்விட்சுக்குப் பதிலாகப் போர்டின் ஓரத்தில் இருந்த இரண்டு ஊசிகளை ஒன்றாகத் தொட்டாள்.

ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு நொடியில் அவள் வேண்டாத சாமியில்லை. பிறகு விசிறி சுற்றியது, மானிட்டர் கண்ணைத் திறந்தது, கறுப்புத் திரையில் வரிசையாக எழுத்துகள் வந்தன. இதுக்காடா இவ்ளோ அமர்க்களம், வெறும் எழுத்துதானே வருது என்றார் ஒரு பெரியவர். அந்த எழுத்துகளை வரி வரியாகப் படித்தாள் கலைப்பிரியா. பிராசஸரின் பெயர் சரியாக இருந்தது, ரேமின் அளவு சரியாக இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மணி பதினொன்று ஐம்பது. இரண்டு பேரும் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், இரண்டு பேரும் மாலையோடு முன்னால் வந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போடுங்க. இல்லன்னா ரெண்டும் வேணாம்."

எமகண்டத்துக்குப் பயந்து போட்டார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவர் கிழக்கேயும் ஒருவர் மேற்கேயும் பார்த்தபடி போட்டார்கள். கலைப்பிரியா கழுத்தை நீட்டினாள். சொன்ன சொல் சொல்தான். மேடைக்குக் கீழே தையல்நாயகி கண்ணை மூடிக்கொண்டு மயிலம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்புகிற நேரம். சீர் கொண்டுவந்தவர்களுக்கு வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது, இரண்டிலும் வெற்றிலையும் பழமும் வைத்துக் கொடு என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். கலைப்பிரியா வெற்றிலை வைத்தாள், பழம் வைத்தாள். பிறகு பெரிய மாமாவின் தட்டில், பொட்டு ஒட்டியிருந்த பழைய பிராசஸரை எடுத்து நடுவில் வைத்தாள். சின்ன மாமாவின் தட்டில் அவர் புதிதாக வாங்கி வந்த போர்டை வைத்தாள். அந்தப் பெட்டியின் சீல் இன்னும் உடையவில்லை. நாளைக்குக் காலையில் கடையில் கொடுத்தால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள்.

அவள் நகத்தால் சீலைக் கிழித்தாள். போர்டை வெளியே எடுத்தாள். கிண்ணத்தில் மீதியிருந்த சந்தனத்தைத் தொட்டு அதன் நாலு மூலைக்கும் நிதானமாகப் பொட்டு வைத்தாள், மேலே குங்குமமும் வைத்தாள். வல்லரசு பார்த்துக்கொண்டே நின்றார். பச்சைமுத்துவும் பார்த்தார்.

தட்டுகளை அவரவர் கையில் கொடுத்தாள்.

"பெரிய மாமா, இத கட்டிலுக்கு அடியில மோட்டாரு பக்கத்துல வைங்க. சின்ன மாமா, நீங்க ஸ்டார்ட்டரு பக்கத்துல வைங்க" என்றாள். "இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு நானே வச்சிட்டேன்."

பெரிய மாமா முன்வாசல் வழியாகப் போனார். சின்ன மாமா பின்வாசல் வழியாகப் போனார்.